எண்ணிலா இருக்கிறது பரக்கத்?



பெருநாள் நெருங்கும் நாள்களில் தியாகராய நகர் உஸ்மான் சாலையிலும் பாண்டி பஜாரிலும் துணிக்கடைகள் நிரம்பி வழிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே நாள்களில் வங்கிக் காசாளர் முன்பும் ஒரு சிறு கூட்டம் கூடும். பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு கொடுப்பதற்காக மடிப்புக் கலையாத புது நோட்டுக் கேட்டு வருவோரின் கூட்டம் அது. அவர்களில் சிலர் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்பதுண்டு. "786 என்று முடிகிற நோட்டு ஏதாவது இருக்குமா?" என்பதே அக்கேள்வி.

நம் இல்லங்களுக்கு இது புதிய வழக்கமன்று. 786 என்ற எண் பொறித்த நோட்டுக் கிடைத்தால் அதைச் செலவழிக்காமல் திருமறை வைத்திருக்கும் உறைக்குள் வைப்பார் ஒருவர். கல்லாப்பெட்டியின் அடித்தட்டில் வைத்து, அதன் பரக்கத்தால் வியாபாரம் பெருகும் என்று நம்புவார் மற்றொருவர். மணமகளின் கையில் அதைத் திணித்து, "இதை மாற்றிவிடாதே, அம்மா" என்று சொல்லும் பாட்டிமார்களும் உண்டு. அந்த அன்பையோ பக்தியையோ ஏளனம் செய்வது நம் நோக்கமன்று.

ஆயினும் அண்மைக் காலத்தில் இந்தப் பற்றோடு ஒரு விலையும் சேர்ந்துகொண்டது. 786 எண் நோட்டுக்கு இலட்சக்கணக்கில் தருவோம் என்று இணையத்திலும் கைப்பேசியிலும் விளம்பரங்கள் வருகின்றன. நூறு ரூபாய் நோட்டை ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் விற்பவரும் வாங்குபவரும் தோன்றியிருக்கின்றனர். எனவே மூன்று கேள்விகளுக்கு நாம் விடை காண வேண்டியிருக்கிறது. அந்த எண்ணில் பரக்கத் இருக்கிறதா? அந்த நோட்டை அதன் மதிப்புக்கு மேல் விற்கலாமா? ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்போர் என்ன செய்வது?

எண் வந்த வழி

அரபு எழுத்துகள் இருபத்தெட்டுக்கும் தனித்தனி எண் மதிப்பு உண்டு. அலிஃபுக்கு 1, பேக்கு 2 எனத் தொடங்கி ஙைனுக்கு 1000 என முடியும் இம்முறைக்கு 'அப்ஜத்' என்று பெயர். பிஸ்மியின் நான்கு சொற்களையும் இம்முறையில் கூட்டிப் பார்த்தவர்கள், முதற் சொல்லுக்கு 102, அல்லாஹ் என்ற திருப்பெயருக்கு 66, அர்ரஹ்மானுக்கு 329, அர்ரஹீமுக்கு 289 எனக் கண்டனர். நான்கையும் கூட்டினால் வருவது 786.

கடிதத் தலைப்பிலும், கடைச் சீட்டிலும், திருமண அழைப்பிதழிலும் பிஸ்மிக்குப் பதிலாக இந்த எண்ணை எழுதும் பழக்கம் நம் நாட்டில் பரவியதற்கு ஒரு நல்லெண்ணமே காரணம். காகிதம் காலடியில் விழும், குப்பையில் சேரும், அதில் இறைவனின் திருப்பெயர் இருந்தால் அவமதிப்பாகுமே என்ற அச்சம். திருப்பெயரின் கண்ணியம் கருதி எழுதப்பட்ட ஓர் அடையாளக் குறி அது. 1975-இல் வெளிவந்த 'தீவார்' என்ற இந்தித் திரைப்படத்தில் கதாநாயகன் அணிந்த 786 வில்லை அவன் உயிரைக் காப்பதாகக் காட்டப்பட்டது. அதன் பிறகு, முஸ்லிமல்லாத சகோதரர்களிடையேயும் அது ஓர் அதிர்ஷ்ட எண்ணாகப் பெயர் பெற்றது.

நாம் கவனிக்க வேண்டியது இதுதான். கண்ணியம் காப்பதற்காக வந்த குறி வேறு. தனக்கென ஆற்றல் உடையதாகக் கருதப்படும் குறி வேறு. எம்பெருமானார் (ஸல்) அவர்கள் ரோமப் பேரரசர் ஹிராக்லியஸுக்கு அனுப்பிய மடல் பிஸ்மியைக் கொண்டே தொடங்கியது. நபி சுலைமான் (அலை) அவர்கள் ஸபா நாட்டு அரசிக்கு எழுதிய மடலும் அவ்வாறே தொடங்கியதைத் திருமறையின் 27-ஆம் அத்தியாயம் கூறுகிறது. பெற்றவர்கள் அப்போது வேறு சமயத்தினர் என்பதால் எழுத்துக்குப் பதில் எண் எழுதப்படவில்லை. நாவால் பிஸ்மி சொல்லிக் கடை திறப்பவருக்கு அந்தச் சொல்லின் நற்பேறு உண்டு. பிஸ்மியை மறந்துவிட்டுக் கல்லாவில் எண்ணை மட்டும் வைத்திருப்பவர் எதை நம்பியிருக்கிறார் என்பதைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். ஒரே கூட்டுத்தொகை வேறு எத்தனையோ சொற்களுக்கும் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

திருவல்லிக்கேணிக் கல் சொல்லும் பாடம்

அப்ஜத் முறையை முன்னோர் எதற்காகக் கையாண்டார்கள் என்பதை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. மயிலாப்பூரிலிருந்து சற்று வடக்கே திருவல்லிக்கேணியில் வாலாஜா பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. ஆற்காட்டு நவாப் குடும்பம் எழுப்பிய அப்பள்ளியின் கல்லில் அது கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றை இயற்றியவர் நவாபின் அவையில் பணியாற்றிய ராஜா மக்கன் லால் என்ற இந்துப் பெருமகனார்.

இறைவனை நினைவுகூர்தலே மிகப் பெரிது என்னும் பொருள் தரும் மூன்று அரபுச் சொற்களை அவர் தேர்ந்தெடுத்தார். முதற் சொல்லுக்கு 920, இரண்டாவதற்கு 66, மூன்றாவதற்கு 223. கூட்டினால் 1209. அதுவே ஹிஜ்ரி ஆண்டு. ஆங்கிலக் கணக்கில் 1794–95. படிப்பவர் உள்ளத்தில் இறைவனின் நினைவு எழுகிறது. அதே சொல்லிலிருந்து பள்ளியின் வயதும் தெரிகிறது. எவ்வளவு நயமான பயன்பாடு! ஆனால் அந்த 1209 என்ற எண்ணை எவரும் தாயத்தில் எழுதிக் கட்டிக்கொள்ளவில்லை. கல்லாவில் வைத்துப் போற்றவுமில்லை. எண் அங்கே ஆண்டைச் சொல்லும் பணியாளாக நின்றது, தலைவனாக அமர்த்தப்படவில்லை.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஹஜருல் அஸ்வத் கல்லை முத்தமிட்டபோது, அது நன்மையோ தீமையோ செய்ய வல்லதன்று என்பதைத் தாம் அறிந்திருப்பதாகவும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முத்தமிட்டதைக் கண்டதாலேயே தாமும் முத்தமிடுவதாகவும் வெளிப்படையாகச் சொன்னார்கள். கஅபாவின் புனிதக் கல்லைப் பற்றியே அவர்களின் தெளிவு அத்தகையது என்றால், அச்சகத்து இயந்திரம் வரிசையாக அடித்துத் தள்ளிய ஓர் எண்ணைப் பற்றி நாம் எத்தகைய தெளிவோடு இருக்க வேண்டும்!

அரிதென்று யார் சொன்னது?

விலை பேசுகிறவர்கள் சொல்லும் முதற்காரணம் அந்நோட்டு அரிதானது என்பதே. கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் நாட்டு நோட்டில் முன்னெழுத்துக்குப் பின் ஆறு இலக்க எண் வருகிறது. ஒரு முன்னெழுத்துத் தொடரில் ஒன்று முதல் பத்து இலட்சம் வரை எண்ணிடப்பட்டால், அவற்றில் 786 என்று முடிபவை சரியாக 1000. அடுத்தடுத்த எண்கள் கொண்ட ஆயிரம் நோட்டுகளை, அதாவது நூறு நோட்டுகள் கொண்ட பத்துக் கட்டுகளை எடுத்தால் அவற்றில் ஒன்று கட்டாயம் 786 என முடியும். ஆறு இலக்கங்களுக்குள் எந்த இடத்திலேனும் 786 தொடர்ந்து வரும் நோட்டுகள் பத்து இலட்சத்துக்கு 3999. ஏறக்குறைய 250 நோட்டுக்கு ஒன்று!

முன்னெழுத்துத் தொடர்களோ ஏராளம். ஆண்டுதோறும் புதியவை வருகின்றன. எனவே 786 என்பது தேடுவோருக்கெல்லாம் கிடைக்கக்கூடிய எண்ணே. 786786 போன்றது தொடருக்கு ஒன்றுதான் வரும். ஆனால் 786787-உம் தொடருக்கு ஒன்றுதான் வருகிறது. அதைத் தேடுவார் எவருமில்லை. ஆக, அரிதாக்குவது மனித ஆசையே தவிர எண்ணன்று.

இத்தகைய ஆசை நம்மிடம் மட்டும் இல்லை. சீனர்களுக்கு எட்டின்மீது மோகம். அமெரிக்காவில் முன்னும் பின்னும் ஒன்றுபோலப் படிக்கும் எண்ணுடைய டாலர் நோட்டைச் சேகரிப்பார்கள். நம் நாட்டிலும் 111111 போல ஒரே இலக்கம் வருவது, 123456 என ஏறு வரிசையில் வருவது, பிறந்த தேதியைக் காட்டுவது எனப் பலவகை நோட்டுகளைத் தேடுவோர் உண்டு. அச்சிடும்போது பழுதான நோட்டுக்கு மாற்றாக ரிசர்வ் வங்கி 2006 முதல் நட்சத்திரக் குறியிட்ட நோட்டுகளை வெளியிட்டது. அவற்றைத் தேடிச் சேர்ப்போரும் உண்டு; போலி நோட்டோ என்று அஞ்சியோரும் உண்டு. நட்சத்திர நோட்டும் மற்ற நோட்டைப் போலவே செல்லும் என்று அவ்வங்கி 2023 ஜூலையில் விளக்கம் அளிக்க வேண்டியதாயிற்று. ஒரு சிறு குறியைக் கண்டு ஒருவர் ஏங்குகிறார்; அதே குறியைக் கண்டு மற்றொருவர் அஞ்சுகிறார். நோட்டோ இருவர் கையிலும் ஒன்றேதான்.

நோட்டு ஒரு வாக்குறுதி

ரூபாய் நோட்டு என்பது என்ன? பத்து ரூபாய் நோட்டையோ நூறு ரூபாய் நோட்டையோ எடுத்துப் படித்துப் பாருங்கள். அதைக் கொண்டு வருபவருக்கு அத்தொகையைத் தருவதாக ரிசர்வ் வங்கி ஆளுநர் கையொப்பமிட்டு அளிக்கும் வாக்குறுதி அதில் இருக்கிறது. காகிதத்துக்கு மதிப்பைத் தருவது அந்த வாக்குறுதியும், அதன் பின்னால் நிற்கும் அரசின் சட்டமுமே. எண்ணைப் பார்த்து வாக்குறுதி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

இதை 2016-ஆம் ஆண்டு நமக்கு வலியோடு கற்பித்தது. நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லா என அறிவிக்கப்பட்டபோது, பல இல்லங்களில் 786 என்று பார்த்துப் பார்த்துப் பொத்தி வைத்த நோட்டுகளும் அவற்றோடு சென்றன. டிசம்பர் 30-க்குள் வங்கியில் செலுத்தியவர்கள் தப்பினார்கள். பரக்கத் என்று மாற்றாமல் வைத்தவர்கள் கையில் காகிதமே எஞ்சியது. அரசாணை 786-க்கும் 785-க்கும் வேறுபாடு பார்க்கவில்லை. இன்னமும் அத்தகைய பழைய நோட்டுகளை வைத்திருப்போர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றில் பத்துக்கு மேல் வைத்திருப்பது குற்றம். ஆய்வுக்காகவோ நாணயச் சேகரிப்புக்காகவோ வைப்போருக்கும் வரம்பு 25 தான். மீறினால் பத்தாயிரம் ரூபாய் அல்லது நோட்டுகளின் மதிப்பைப் போல் ஐந்து மடங்கு, இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம்.

பிலால் (ரலி) கொண்டுவந்த பேரீச்சை

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். செல்லுபடியாகும் நூறு ரூபாய் நோட்டை, அதன் எண்ணுக்காக, ஐந்நூறு ரூபாய்க்கு விற்கலாமா?

தங்கத்துக்குத் தங்கம், வெள்ளிக்கு வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சை, உப்பு ஆகிய ஆறையும் அதே இனத்தோடு மாற்றும்போது அளவு சமமாகவும், கைக்குக் கை உடனடியாகவும் இருக்க வேண்டுமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை உபாதா இப்னு ஸாமித் (ரலி) அறிவிக்கிறார்கள். மிகுதி வாங்கினால் அது வட்டி. இக்காலக் காகித நோட்டு, தங்கம் வெள்ளியைப் போலத் தனி நாணயமே. வட்டி, ஸகாத் ஆகிய சட்டங்கள் அனைத்தும் அதற்கும் பொருந்தும் என்று பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் மன்றம் 1986 அக்டோபரில் ஜோர்தான் நாட்டு அம்மானில் கூடித் தீர்மானித்தது. எனவே நம் நாட்டு ரூபாயை நம் நாட்டு ரூபாய்க்கு மாற்றும்போது சமமாகவே மாற்ற வேண்டும். டாலரையோ ரியாலையோ ரூபாய்க்கு மாற்றுவது வேறு; அங்கே இனம் வேறாகிவிடுவதால், கைக்குக் கை மாறினால் விலை எதுவும் பேசலாம்.

"இந்த நோட்டு உயர்ந்தது; அது சாதாரணமானது. உயர்ந்ததற்கு அதிகம் கொடுப்பதில் என்ன தவறு?" என்று கேட்கலாம். இக்கேள்விக்கு அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சியே விடையாக இருக்கிறது. பிலால் (ரலி) அவர்கள் ஒருநாள் உயர்ந்த 'பர்னீ' வகைப் பேரீச்சம்பழத்தை நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டு வந்தார்கள். எங்கிருந்து கிடைத்தது என்று வினவப்பட்டபோது, தம்மிடமிருந்த மட்டமான பழத்தில் இரண்டு மரக்காலைக் கொடுத்து இதில் ஒரு மரக்காலை வாங்கியதாகவும், நாயகம் உண்ண வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு செய்ததாகவும் சொன்னார்கள். அதைக் கேட்ட பெருமானார் (ஸல்) அவர்கள் மனம் வருந்தி, இதுவே வட்டி என்று எச்சரித்து, மட்டமானதைத் தனியே விற்று அக்கிரயத்தைக் கொண்டு உயர்ந்ததை வாங்கும்படி வழிகாட்டினார்கள்.

சிந்தியுங்கள். அங்கே தரத்தில் உண்மையான வேறுபாடு இருந்தது. நாவு அறியும் வேறுபாடு. எண்ணமும் தூயது, நாயகத்தின் மீது கொண்ட அன்பு. அவ்வளவு இருந்தும் அந்தப் பரிமாற்றம் தடுக்கப்பட்டது. நம் நோட்டிலோ சுவையுமில்லை, தரமுமில்லை. மூன்று இலக்கங்கள் மட்டுமே. பிஸ்மியின் மீதுள்ள அன்பினால் வாங்கினேன் என்பது வட்டியின் வாசலைத் திறந்துவிடும் சாவியாகாது. எந்தப் பிஸ்மியின் பெயரால் அந்த நோட்டு மதிக்கப்படுகிறதோ, அந்தப் பிஸ்மிக்கு உரியவன் தடுத்த வழியிலேயே அது கைமாறுவது எவ்வளவு வேதனையான முரண்பாடு!

இதில் வேறு கருத்துடைய அறிஞர்களும் உள்ளனர் என்பதை மறைக்கலாகாது. செலவழிக்கும் நோக்கமின்றி அரும்பொருளாக வாங்கும்போது அந்த நோட்டு நாணயத் தன்மை நீங்கிச் சரக்காகிவிடுகிறது. ஆகவே விலை கூடலாம் என்பது அவர்கள் வாதம். அவர்களின் கல்வியை மதிக்கிறோம். எனினும் இன்று அரும்பொருள் என்று ஐந்நூறுக்கு வாங்கிய அதே நோட்டை நாளைக் காலையில் மீன் கடையில் நீட்டினால் நூறு ரூபாயாகவே அது செல்கிறது. நாணயத் தன்மை நீங்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு. இடையிலுள்ள ஐயத்துக்குரியவற்றைத் தவிர்ப்பவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கிறார்கள். புழக்கத்திலுள்ள நோட்டை மிகுவிலைக்கு விற்பதிலிருந்து விலகி நிற்பதே பேணுதல் என்பது நமது கருத்து.

சேகரிப்பதே தவறா?

அவ்வாறு கூறவில்லை. பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வரலாற்று ஆர்வத்தோடு திரட்டுவது ஒரு கல்வி. ஹிஜ்ரி 77-ஆம் ஆண்டில் கலீஃபா அப்துல் மலிக் உருவங்களை நீக்கி, ஏகத்துவ வாசகங்களை மட்டும் பொறித்து வெளியிட்ட தீனார், இஸ்லாமிய ஆட்சி தன் காலில் நின்றதைச் சொல்லும் ஆவணம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பைப் பிள்ளைகளுக்குக் காட்டினால், பாடநூல் சொல்லாத பலவற்றை அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

நோட்டின் எண்ணிலும் வரலாறு பேசுவதுண்டு. 1959-இல் நம் நாட்டு ஹஜ் பயணிகள் சவூதி நாட்டில் மாற்றிக்கொள்வதற்கென்றே ரிசர்வ் வங்கி பத்து ரூபாயிலும் நூறு ரூபாயிலும் தனி நோட்டுகளை வெளியிட்டது. அவற்றின் எண்ணுக்கு முன்னால் 'எச்.ஏ.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தன. கப்பலேறி ஜித்தா சென்ற நம் பாட்டன்மார்களின் இடுப்புப் பையில் இருந்த நோட்டு அது! உங்கள் வீட்டுப் பழம்பெட்டியில் அப்படி ஒன்று கிடைத்தால் பேரப்பிள்ளைகளை அழைத்து அதன் கதையைச் சொல்லுங்கள். அந்த எழுத்துக்குப் பொருள் உண்டு, பயன் இருந்தது.

இவ்வாறு புழக்கத்திலிருந்து நீங்கி, நாணயமாகச் செல்லாத பழம்பொருள்கள் சரக்கைப் போன்றவை. நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவில், இருவரும் மனமொப்பிய விலைக்கு அவற்றை விற்பதிலும் வாங்குவதிலும் தடையில்லை. ஆனால் சந்தையின் ஒழுக்கம் அங்கும் உண்டு. மேலே உலர்ந்த தானியத்தையும் உள்ளே நனைந்ததையும் வைத்து விற்றவரை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததை நினைவில் வையுங்கள். கிழிசலை ஒட்டி மறைப்பதும், கழுவி மடிப்பை நீக்கிப் புதிதென்று சொல்வதும், எண்ணைத் திருத்தி அரிதாக்குவதும் அந்த நனைந்த தானியமே.

இலட்சம் தருவோம் என்பவர்கள்

மோசடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் அதில் சிக்குவோர் பெரும்பாலும் ஏழைகள். 786 நோட்டின் படத்தை அனுப்பு என்பார்கள். அனுப்பியவுடன் சில இலட்சம் என்று விலை சொல்வார்கள். அதன்பின் பதிவுக் கட்டணம், வரி, தரகு என்று ஒவ்வொன்றாகப் பணம் கேட்பார்கள். கேட்டதைக் கட்டிய பிறகு மறுமுனையில் குரல் இருக்காது. ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டிச் சிலர் இவ்வாறு பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் கட்டணம் கேட்பதாகவும், அத்தகைய வியாபாரத்தில் தனக்கு எவ்விதத் தொடர்பும் இல்லையென்றும், எவரிடமும் கட்டணம் கேட்பதில்லையென்றும் அவ்வங்கி 2021 ஆகஸ்டு 4 அன்று மக்களை எச்சரித்தது.

மேலே போட்ட கணக்கை மீண்டும் நினையுங்கள். 250 நோட்டுக்கு ஒன்று கிடைக்கும் பொருளுக்கு இலட்சம் தருபவர் எவரேனும் இருந்தால், வங்கிக் காசாளர் ஒவ்வொருவரும் ஒரே மாதத்தில் கோடீசுவரராகியிருப்பாரே! உங்கள் வீட்டுப் பெண்களிடமும், பணியாளர்களிடமும், அண்டை வீட்டாரிடமும் இந்த ஒரு கணக்கைச் சொல்லி வையுங்கள். ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காத்த நன்மை உங்களைச் சேரும்.

அலமாரியில் உறங்கும் பணம்

அடையாறு பகுதியில் நான் அறிந்த ஒரு குடும்பம் உண்டு. வளைகுடாவில் உழைத்த தலைவர் ஆண்டுகள் பலவாகச் சேர்த்த 786 நோட்டுகள் நூற்றுக்கும் மேல் அலமாரியில் பட்டுத்துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. பெரும்பாலும் நூறும் ஐந்நூறும். அதே காலத்தில் அந்த வீட்டு மகளின் வளையல்கள் கல்லூரிக் கட்டணத்துக்காக அடகுக் கடையில் இருந்தன. மாதந்தோறும் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. "அந்தப் பணத்தைக் கொண்டு நகையை மீட்கக் கூடாதா, அம்மா?" என்று கேட்டதற்கு, "அதைத் தொட்டால் வீட்டின் பரக்கத் போய்விடும், ஹஜ்ரத்" என்றார் அந்த அம்மையார்.

அன்பர்களே! வட்டி கொடுப்பதையும் மார்க்கம் வன்மையாகத் தடுத்திருக்கிறது. ஹலாலான உழைப்பில் வந்த பணம் அலமாரியில் உறங்க, வட்டி வாசல் வழியே வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது. பரக்கத் போவது நோட்டைத் தொடுவதாலா, தொடாமலிருப்பதாலா? விளக்கிச் சொன்னபின் அந்த அம்மையார் நோட்டுகளை எடுத்துக்கொடுத்தார், வளையல்கள் மீண்டன. வட்டி நின்ற மாதத்திலிருந்து அந்த வீட்டில் நிம்மதி தெரிந்தது. பரக்கத் என்பதற்கு அதைவிட வேறு பொருள் உண்டா?

செல்வத்தைத் திரட்டி, அதை எண்ணி எண்ணிப் பார்த்து, அது தன்னை நிலைத்திருக்கச் செய்யும் என்று கருதுபவனைத் திருமறையின் 104-ஆம் அத்தியாயமான அல்ஹுமஸா கடுமையாகக் கண்டிக்கிறது. நோட்டின் எண்ணையே எண்ணி எண்ணிப் பார்ப்போர் அந்த அத்தியாயத்தை ஒருமுறை பொருளுணர்ந்து ஓதட்டும்.

என்ன செய்யலாம்?

இறுதிக் கேள்விக்கு விடை எளிது. 786 நோட்டு உங்களிடம் இருந்தால் அதையும் மற்றப் பணத்தோடு சேர்த்துக் கணக்கில் கொள்ளுங்கள். செல்லுபடியாகும் நோட்டு எத்தனை ஆண்டு பட்டுத்துணியில் கிடந்தாலும் அது பணமே. உங்கள் மற்றச் சேமிப்போடு சேர்ந்து நிஸாப் அளவை, அதாவது ஹனஃபி மத்ஹபில் வழங்கும் கணக்குப்படி சுமார் 612 கிராம் வெள்ளியின் மதிப்பை எட்டி, ஓராண்டு நிறைந்தால் நூற்றுக்கு இரண்டரை வீதம் ஸகாத் கடமையாகிறது. விட்டுப்போன ஆண்டுகளின் ஸகாத்தையும் கணக்கிட்டுக் கொடுத்துவிட வேண்டும். பரக்கத் என்று வைத்த பணத்திலேயே ஏழையின் பங்கு தங்கிவிடலாகாது. செல்லாத பழம்பொருளை ஆர்வத்துக்காக மட்டும் வைத்திருந்தால் அதற்கு ஸகாத் இல்லை. விற்பனைக்காக வைத்திருந்தால் சந்தை விலைப்படி ஸகாத் உண்டு.

கடன் இருந்தால் அந்நோட்டைக் கொண்டு கடனை அடையுங்கள். கடனில்லையேல் தருமம் செய்யுங்கள். எண்ணைப் பார்த்துச் சேர்த்த நோட்டை எண்ணைப் பாராமல் கொடுத்துவிடுவது உள்ளத்துக்கு ஒரு நல்ல பயிற்சி. வரும் பெருநாளில் பிள்ளைகளுக்குக் காசு கொடுக்கும்போது, "இந்த எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்" என்பதற்குப் பதிலாக, "பிஸ்மி சொல்லி வாங்கு, இதில் ஒரு பங்கை இல்லாதவருக்குக் கொடு" என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகும் அச்சொல் அதனுடன் இருக்கும்.

நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தில் ஒருமுறை ஆடு அறுக்கப்பட்டது. இறைச்சியெல்லாம் வழங்கப்பட்டபின் என்ன மிஞ்சியது என்று அவர்கள் வினவ, முன்னந்தொடை ஒன்றே மிஞ்சியது என்றார்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள். அந்தத் தொடையைத் தவிர மற்றதெல்லாம் மிஞ்சிவிட்டது என்ற பொருளில் பெருமானார் (ஸல்) அவர்கள் மறுமொழி பகர்ந்தார்கள். கொடுத்ததே நம்முடையது; வைத்திருப்பது நம்மைவிட்டுப் போகப் போவது. நோட்டில் எந்த எண் இருந்தாலும் கணக்கு இதுதான்.

பிஸ்மியை நாவிலும் நெஞ்சிலும் நிலைநிறுத்தி, ஹலாலாகப் பொருளீட்டி, நல்வழியில் செலவிடும் பேற்றினை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்கியருள்வானாக! ஆமீன்.